சதுரங்களாகிப் போன சேமக்காலைப் பட்டியல்

எங்கள் வீட்டுக் கணினி முதன்முதலாகத் தானே நின்று தானே எழும்பியது செப்டெம்பர் மாதத்து முதலாவது செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு பத்துக்கு. இரண்டாவது தரம் அடுத்த நாள், ஒன்று ஐம்பதுக்கு. மூன்றாவது வெள்ளிக்கிழமை. இவற்றை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை, எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் ஒரு காரியம் எந்தத் திகதியில் நடந்தது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய வீடு என்னுடையது ஒன்றுதான். மற்ற வீடுகளில் கேட்டால் மூத்தவன் பிறந்த வருஷம் என்பார்கள், சோளகக் காற்று பெயர்ந்த கிழமை என்பார்கள், பெரிய திருக்கை மீன் வலையில் பட்டதற்கு முதல் நாள் என்பார்கள். எல்லா வீட்டுச் சுவரிலும் கலண்டர் தொங்குகிறது. அதிலுள்ள மாதா படத்துக்காக.

கணினியில் இருந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சகல ஆத்துமாக்களின் நாளன்று பின்னேரம் எங்கள் சேமக்காலையில், ஊரின் கல்லறைத் தோட்டத்தில், இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். பெயரும் இறந்த திகதியும். பெயர் வந்ததும் அந்த வீட்டார் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். வேறு ஊர்களில் ஆளுக்கொரு துண்டு எழுதிப் பெட்டிக்குள் போட, சுவாமியார் கைக்கு வந்ததை எடுத்து வாசிக்கிறார். போன வருஷம் செத்தவரும் போன நூற்றாண்டில் செத்தவரும் ஒன்றாக வருவார்கள், இரண்டு தரம் வருவோரும் உண்டு. எங்கள் ஊரில் ஒழுங்கான பட்டியல் இருந்தது. நான் செய்த பட்டியல். அரசாங்கக் கந்தோர் ஒன்றின் பதிவறையில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன், சும்மா இருக்க முடியாமல் பதினொரு வருஷம் வீடு வீடாகப் போய், கல்லறைக் கல்லைச் சுரண்டி, மரணப் பத்திரங்களைப் பார்த்து, சண்டை பிடித்துச் சேர்த்தது.

பட்டியலில் உள்ள சிலருக்கு இங்கே கல்லறை இல்லை. சண்டைக் காலத்தில் தோணியேறி அக்கரைக்குப் போய் அங்கே அகதி முகாம்களில் செத்தவர்கள். அவர்களுக்காகச் சேமக்காலையின் நடுவில் நிற்கும் பெரிய குருசின் அடியில் திரி கொளுத்துவது வழக்கம். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் கருவாடு போடும் பெண்ணின் புருஷனும் அப்படித்தான். திரும்பி வந்தபோது அவளிடம் இருந்தது முகாம் வாத்தியார் ஒருவர் பெயரையும் திகதியையும் எழுதிக் கொடுத்த ஒரு தாள். அதை என்னிடம் தந்தாள். நான் பதிந்துகொண்டு, தாளைக் கொப்பியில் ஒட்டி வைத்தேன்.

“இனி எனக்கு யோசனை இல்லை அண்ணை. உங்களிட்ட இருக்குத்தானே,” என்றாள். திகதியை அன்றைக்கே மறந்தும் விட்டாள். என்னிடம் கொடுத்தால் மறக்கலாம் என்று நினைக்கிற ஊர் இது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

கொப்பிகளில் கறையான் ஏறத் தொடங்கியபோது எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்தேன். பிறகு கொப்பிகளைக் கிணற்றடியில் வைத்துக் கொளுத்தினேன். ஒட்டிய தாள்களோடு.

ஆக, செப்டெம்பரில் கணினி நிற்கத் தொடங்கியபோது எது ஆபத்தில் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நவம்பர் இரண்டாம் திகதி வாசிக்க வேண்டிய பட்டியல் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. நான் பதறவில்லை. பதறுவது மற்றவர்களின் வேலை. புதுக் கொப்பி ஒன்று எடுத்து நிரல் போட்டேன். கிழமை, நேரம், காற்று, மின்சாரம், அப்போது நான் செய்துகொண்டிருந்த வேலை. அது நீலத் திரை காட்டி நின்றதா, ஒன்றும் காட்டாமல் நின்றதா என்பதற்குத் தனி நிரல்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் மனைவி, “நீங்கள் உந்தக் கொப்பியில எழுதுறதைக் கண்டு அது பயந்து நிண்டிடுமோ?”

காரணத்தை முறைப்படி தேடுவது இவளுக்கு விளங்காது என்று விட்டுவிட்டேன். முதல் சந்தேகம் மின்சாரம். யூ.பி.எஸ். ஒன்று வாங்கி இடையில் வைத்தேன். மூன்றாம் நாள் ஒன்று நாற்பதுக்கு நின்றது. இரண்டாவது சந்தேகம் பக்கத்து வளவில் நண்டு வைக்கும் பெரிய குளிர்ப்பெட்டி. அது உறுமும் நேரங்களையும் வேலியோரம் கதிரை போட்டிருந்து குறித்தேன். வளவுக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணை, எங்கட பெட்டியும் உங்கட பெட்டியும் கதைக்கிறதில்லையோ?” என்றார். நேரங்கள் பொருந்தவில்லை. மூன்றாவது உப்புக் காற்று. இந்தத் தீவில் மின்விசிறி இரண்டு வருஷம் ஓடினால் அதிசயம், கதவுக் கொண்டி ஒரு மாரியில் கரைந்துவிடும். அதற்கு ஊரார் கண்டுபிடித்த ஒரே மருந்து கிறீஸ். கொண்டிக்குக் கிறீஸ், பூட்டுக்குக் கிறீஸ், சைக்கிள் மணிக்கும் குடைக் கம்பிக்கும் கிறீஸ், கோயில் மணியின் நாக்குக்குக்கூட ஒருமுறை பூசி, அது இரண்டு ஞாயிறு தொண்டை கட்டியதுபோல் அடித்தது. எஞ்சின் பூட்டிக் கழற்றும் என் மச்சான், மனைவியின் தம்பி, எங்கள் குசினிக் கதவில் ஒரு கிறீஸ் டின்னை நிரந்தரமாகத் தொங்க விட்டிருக்கிறான். வரும்போதெல்லாம் கேட்காமலே வாசல் படலைக்குப் பூசிவிட்டுப் போவான். என் வெள்ளை வேட்டிகளில் எத்தனை அந்தப் படலையில் போயின என்பதற்கும் குறிப்பு இருக்கிறது.

ஒக்ரோபர் நடுவில் ஒரு வியாழக்கிழமை, இரண்டு நாற்பதுக்கு, புதிதாக இறந்த ஒருவரின் பெயரைச் சேர்த்துச் சேமிக்கும்போது திரை நீலமாகியது. எழும்பியது. நான் ஒரு ஒழுங்குக்காரன். ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்குப் பட்டியலைப் பென் டிரைவில் பிரதி எடுப்பேன். ஆறு மணிக்கு முன் இல்லை, பின் இல்லை. பழையதை அழித்து இதை வைக்கட்டுமா என்று அது ஒவ்வொரு நாளும் கேட்கும், நானும் ஓம் என்பேன். அன்றும் ஆறு மணிவரை காத்திருந்தேன். ஓம் என்றேன். அதன் பிறகுதான் பட்டியலைத் திறந்தேன்.

பெயர்கள் இருந்த இடத்தில் சதுரங்கள். திகதிகள் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள். பென் டிரைவைத் திறந்தேன். அதே சதுரங்கள், அதே வரிசையில், பிசகில்லாமல்.

மறுநாள் காலை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் மன்னார் ரவுனுக்குப் போனேன். கணினி திருத்தும் கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். சுவரில் மூன்று சான்றிதழ்கள் சட்டம் போட்டுத் தொங்கின, மூன்றும் ஒரே நிறுவனத்தில் ஒரே மாதத்தில் எடுத்தவை. குளிரூட்டி உறைய வைத்தது. நான் பெட்டியை மேசையில் வைக்கவே அவர் சொல்லிவிட்டார்.

“வைரஸ்.”

“பார்க்காமலே?”

“ஐயா, இஞ்ச வாற பத்து மெசினில ஒம்பதுக்கு வைரஸ்தான்.”

“பத்தாவதுக்கு?”

“பத்தாவதுக்கு, அதை வைச்சிருக்கிற ஆக்கள்தான் வியாதி,” என்று சிரித்தார்.

என் நிரல்களை நீட்டினேன். அவர் அதை மேசையில் வைத்து, மேலே தேநீர்க் கோப்பையை வைத்தார். இரண்டு நாள் கழித்துப் போனேன். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றியிருந்தார். “இரண்டு நாளும் விடியத் தொடங்கிப் பொழுதுபடுமட்டும் ஓட விட்டனான் ஐயா, ஒருக்காலும் நிக்கேல்லை. ஆனா உங்கட லிஸ்ட் செத்துப்போச்சு. உது வரேக்கையே செத்துத்தான் வந்தது.”

திங்கட்கிழமை ஒன்றரைக்கு, எங்கள் வீட்டு மேசையில், மறுபடியும் நின்றது.

அன்று எனக்கு வந்த கோபத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான். பார்க்காமலே வைரஸ் என்றவன், என் நிரல்களில் தேநீர் வட்டம் பதித்தவன், பெட்டியைத் துடைத்தவன். கடைக்காரன் பட்டியலை அழித்துவிட்டான் என்று மனைவியிடம் சொன்னேன், வளவுக்காரரிடம் சொன்னேன், சுவாமியாரிடமும் போய்ச் சொன்னேன். முன்னரே சதுரமாகிவிட்டிருந்தது என்ற விபரத்தைச் சொல்ல அவசியம் இருப்பதாக அப்போது படவில்லை. ஞாயிறு பூசை முடிவில் சுவாமியார், ரவுனில் ஒரு கடையில் பட்டியல் அழிந்துபோனதால் எல்லாக் குடும்பங்களும் வருகிற சனிக்கிழமை கோயில் விறாந்தையில் பெயர்களைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தார். ஊரே கடைக்காரனைத் திட்டியபடி கலைந்தது. நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

மச்சானைக் கூப்பிட்டது நான் அல்ல, மனைவி. அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்திரிகை என்றால் அவனுக்கு எஞ்சின் சாமானைப் பரப்பி வைக்கும் தாள். மோட்டர் சைக்கிள், தையல் மெசின், அரைக்கும் மெசின் எல்லாமே அவனுக்கு எஞ்சின்தான்.

“எங்க அத்தான், எஞ்சின் எங்க நிக்குது?” என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

மேசைக்கு முன்னால் குந்தி, மூடியைக் கழற்றி, பார்க்கவில்லை, முகர்ந்தான். பிறகு விரலை உள்ளே விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். விரல் நுனி பழுப்பாகப் பளபளத்தது.

“உதுக்குள்ள ஆர் கிறீஸ் அடிச்சது?”

குசினி வாசலில் இருந்து மனைவி சொன்னாள்: “அண்டைக்கு உன்ர டின்னில பாதி குறைஞ்சு கிடக்கெண்டு தேடினியே, அது உதுக்குள்ளதான் கிடக்கு.”

“அத்தான்,” என்றான் அவன், சிரிக்காமல், அதுதான் பொறுக்க முடியாதது, “கிறீஸ் சுத்துற சாமானுக்கு. கரண்ட் தொடுற வாயில ஆரும் பூசுவினமே? நான் எஞ்சினில பிளக்குக்குப் பூசிக் கண்டிருக்கிறியளோ?”

“உப்புக் காத்து,” என்றேன்.

“வெளிப்பெட்டிக்குப் பூசினாச் சரி. நீங்கள் பல்லுப் பல்லாப் பூசியிருக்கிறியள். வடிவாத்தான் பூசியிருக்கிறியள்.”

நினைவுத் தகடு என்று சொல்லப்படும் விரல் நீளப் பச்சைத் துண்டைப் பிடுங்கினான். அதன் ஓரத்தில் வரிசையாக மஞ்சள் பற்கள், அவற்றின் மேல் என் கைவேலை, தூசி அப்பி. துணியில் பெற்றோல் நனைத்துத் துடைத்தான். என் மேசையிலிருந்த பென்சில் அழிறப்பரை எடுத்துப் பற்களைத் தேய்த்தான். பொருத்தும் பள்ளத்தை ஒரு பழைய பல்துலக்கியால் வழித்தான்.

“மத்தியானம் மேல கூரைச் சீற் கொதிக்க உது இளகி ஊறும். அப்ப பல்லு விடும், எஞ்சின் நிக்கும். பின்னேரம் இறுகும், ஓடும். அந்தக் கடையில ஏசி எல்லோ, அதுதான் நிக்கேல்லை.”

எல்லா நிறுத்தங்களும் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் என்பதை நான் ஆறு கிழமையாக எழுதி வந்திருக்கிறேன். அதற்கு அடியில் கோடும் போட்டிருக்கிறேன். கொப்பியை அவனிடம் நீட்டினேன்.

“உதில என்ன கிடக்கு?”

“நின்ற நேரங்கள்.”

“நிண்டதுதானே தெரியுதே,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். போகும் வழியில் படலைக்குப் பூசினான்.

அவன் போனதும் என் நாட்குறிப்பை எடுத்தேன். நிறுத்தங்களின் காரணத்தைத் தேடி அந்தப் பக்கங்களை எத்தனையோ தரம் புரட்டியிருக்கிறேன், ஆனால் ஒவ்வொரு தரமும் முதல் நிறுத்தமான செவ்வாயிலிருந்துதான் வாசிக்கத் தொடங்கினேன். ஒரு தாளை முன்னுக்குப் புரட்டினேன். அதற்கு முந்திய சனிக்கிழமை, என் கையெழுத்தில், கறுப்பு மையில்: “காலை பத்து மணி. கணினியைத் திறந்து தூசி தட்டினேன். உப்புக் காற்றிலிருந்து பாதுகாக்க உட்பாகங்களின் உலோகப் பகுதிகளுக்கு மெல்லிதாகக் கிறீஸ் இட்டேன். வேலை திருப்தி.” திருப்தி என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எழுத்து வாசனையில்லாத மனிதர்கள் குடைக் கம்பிக்குப் பூசுவதைப் பார்த்துச் சிரித்தவன், உலோகப் பகுதிகள் என்று நல்ல தமிழில் எழுதிவிட்டு அதையே செய்திருக்கிறேன். அவர்களாவது குடையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கணினி அதன் பிறகு நிற்கவில்லை. பட்டியல் சதுரங்களாகவே இருந்தது. இதை வெளியில் யாருக்கும் நான் சொல்லவில்லை. கடைக்காரன் அழித்ததாகவே இருந்தது.

சனிக்கிழமை கோயில் விறாந்தையில் மேசை போட்டு உட்கார்ந்தேன். பதினொரு வருஷ வேலை ஒரு காலை நேரத்துக்குள் என் முன்னால் வரிசையில் நின்றது. சிலர் பத்திரங்களோடு வந்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் வந்தார்கள். தகப்பன் எப்போது இறந்தார் என்று கேட்டால் ஒருவர், “நல்ல மழை” என்றார். இன்னொருவர் தன் தாயின் திகதியைச் சொல்ல, கூட வந்த தங்கச்சி அது மாமியாரின் திகதி என்றாள். கேட்டுக் கேட்டு என் குரல் கடுத்தது.

பத்தரைபோல் கருவாடு போடும் பெண் வந்து கதிரையில் இருந்தாள். வெறுங்கையோடு.

“எனக்கு வேலையில்லைத்தானே அண்ணை. சும்மா ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான். என்ர உங்களிட்ட இருக்கு.”

“இல்லைத் தங்கச்சி. எல்லாம் அழிஞ்சுபோட்டுது.”

“தாள் இருக்குமே?”

“கொப்பியோட எரிச்சுப்போட்டன்.”

அவள் மேசையைப் பார்த்தாள். அதில் எழுதிய தாள்கள் அடுக்காக இருந்தன, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு திகதி.

“அப்ப அவருக்கு?”

“பேரை வாசிக்கலாம். திகதி இல்லாமல்.”

“திகதி இல்லாமல் வாசிச்சா உயிரோட இருக்கிற ஆளின்ர பேர் மாதிரியெல்லோ கிடக்கும்,” என்றாள். பிறகு, “அந்தக் கடைக்காரனை ஆண்டவர் பாப்பார்.”

வரிசையில் நின்ற இரண்டு பேர் ஓம் ஓம் என்றார்கள். ஒருத்தி, அவனுடைய கை விளங்காமல் போகவேண்டும் என்று சபித்தாள். பேனையை மூடி வைத்தேன்.

“கடைக்காரன் இல்லை,” என்றேன். “அவரிட்டப் போக முன்னமே பழுதாப்போட்டுது. நான்தான். துருப்பிடிக்குமெண்டு உள்ளுக்குக் கிறீஸ் பூசினனான்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“கிறீஸோ?”

“ஓம்.”

முதலில் அவளுடைய தோள்தான் குலுங்கியது. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். “அண்ணை, நீங்களுமோ? புத்தகம் படிக்கிற ஆளெண்டெல்லோ நினைச்சம். அவரும் உப்பிடித்தான். முகாமில ஒரு றேடியோ வைச்சிருந்தவர். பற்றறி வாய் துருப்பிடிக்குதெண்டு கிறீஸ் பூசிப்போட்டார். பெரிய வெள்ளி வழிபாடு கேக்கவெண்டு சனமெல்லாம் எங்கட கொட்டிலுக்குள்ள வந்து குந்தினா, அது வாயே திறக்கேல்லை. நான் ஏசின ஏச்சு. பாஸ்கு முடிஞ்சு புதன்கிழமை காலமையும் அதைத்தான் கழட்டித் துடைச்சுக்கொண்டு இருந்தவர். அப்பிடியே சரிஞ்சு போனார். றேடியோ மடியில.”

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

“பாஸ்குக்குப் பிறகு வந்த புதனோ?” என்றேன். “நிச்சயமோ?”

“பின்னை? முழுக் கிழமையும் ஏசினனான் எண்டு சொல்லுறன்.”

“எந்த வருஷம்?”

“சின்னவளுக்கு அப்ப மூண்டு மாதம். அவளின்ர பிறப்புப் பத்திரம் வீட்டில கிடக்கு.”

ஆள் அனுப்பிப் பத்திரத்தை எடுப்பித்தேன். பாஸ்கு என்ற உயிர்ப்பு ஞாயிறு எந்தத் திகதியில் வரும் என்று கணக்கிடும் முறை எனக்குத் தெரியும். வருஷத்தை வைத்துக்கொண்டு வகுத்து, மீதியெடுத்து, பௌர்ணமியைப் பிடித்து, அடுத்த ஞாயிறுக்குப் போக வேண்டும். அதைப் படித்தது எதற்கு என்று மனைவி பல தரம் கேட்டிருக்கிறாள். ஒரு தாளின் பின்பக்கத்தில் போட்டேன், பிழை இருக்குமோ என்று இன்னொரு தரம் போட்டேன். வரிசை முணுமுணுக்காமல் நின்றது. புதன்கிழமையின் திகதி வந்தது. ஏப்ரல். பழைய தாளில் ஏப்ரல் இருந்தது எனக்கு ஞாபகம்.

“இதையெல்லாம் அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“நீங்கள் தாளைத்தானே கேட்டனீங்கள்,” என்றாள்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுதும் கிறீஸ் கதை போய்ச் சேர்ந்தது. சுவாமியாரிடம் போய், அறிவித்ததைத் திருத்தும்படி கேட்டேன். அவர் அடுத்த நாள் பூசையில் திருத்தினார், தேவைக்கு மேல் விபரமாக. திங்கட்கிழமை ரவுனுக்குப் போய்க் கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் நான் முடிக்குமட்டும் கேட்டுவிட்டு, “அப்ப பத்தாவதோ ஐயா?” என்றார். தேநீர் தந்தார். குடித்தேன்.

நவம்பர் இரண்டாம் திகதி பின்னேரம் சேமக்காலையில் வாடைக் காற்று திரிகளை எரியவிடவில்லை. சுவாமியார் என் தாள்களிலிருந்து வாசித்தார். வழக்கம்போல் வேகமாக, கடற்கரைக்குப் போகிற அவசரத்தில் வாசிப்பவர்போல். அந்தப் பெயர் வந்தது. அதன் பின்னால் நாளும் மாதமும் வருஷமும் வந்தன. பெரிய குருசின் அடியில் கருவாடு போடும் பெண் குனிந்திருந்தாள். சின்னவள், இப்போது தாயிலும் உயரம், காற்றுக்கு முன்னால் இரண்டு கைகளையும் பிடித்திருந்தாள். மூன்றாம் நெருப்புக் குச்சியில் திரி பற்றியது.

முடிந்து போகும்போது அவள் என் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள்.

“சரியா வாசிச்சவர் அண்ணை. ஆனா காலமை எண்டும் போட்டிருக்கலாம்.”

ஏனென்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், தாள்களைப் பார்த்துப் பட்டியலைத் திரும்ப எழுதிவைத்த புதுக் கொப்பியை எடுத்தேன். கணினியில் அல்ல, கொப்பியில். திகதிக்குப் பக்கத்தில் எழுதினேன்: காலை.